இலவம்பஞ்சு மெத்தை: அளவைக் கேட்காதீர்கள், கிலோவைக் கேளுங்கள்

ஈரோடு, கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் என்று எந்த ஊர் மெத்தைக் கடைக்குப் போனாலும் பேச்சு அளவில்தான் ஆரம்பிக்கும். ஆறுக்கு மூணு, ஆறுக்கு நாலு, ஆறுக்கு அஞ்சு. அப்புறம் உறைத் துணியின் பூ, கோடு, நிறம். உள்ளே என்ன பஞ்சு, எத்தனை பஞ்சு என்பது நாமாக வாயைத் திறந்து கேட்டால்தான் வெளியே வரும்.

"ஏனுங்ண்ணா, ஆறுக்கு மூணுல எத்தனை கிலோ போட்டிருக்கீங்க?"

"நல்லா நெறையப் போட்டிருக்குதுங்க."

"நெறையன்னா எத்தனைங்க?"

இந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு எண் பதிலாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். வராவிட்டால் அடுத்த கடை. இலவம்பஞ்சு மெத்தையின் விலை என்பது பஞ்சின் எடை, உறைத் துணி, தையல் கூலி மூன்றும் சேர்ந்தது. எடை தெரியாமல் பேரம் பேசுவது, மூட்டையைப் பிரிக்காமல் மஞ்சளுக்கு விலை சொல்வது மாதிரி.

யாருக்கு இந்த மெத்தை சரிப்படும் என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். மொட்டை மாடியோ வெயில் விழும் வாசலோ இருக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மெத்தையைத் தூக்கிப் புரட்ட வீட்டில் ஆள் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால், சித்திரை வெயிலிலும் முதுகு வியர்க்காத, இடுப்பைத் தாங்குகிற படுக்கை இதைப்போல இன்னொன்று இல்லை. ஆஸ்துமாவோ காலைத் தும்மலோ உள்ளவர்கள் இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். பஞ்சு பழசாகப் பழசாக மெல்லிய தூசு விடும். வெயிலே எட்டாத அடுக்குமாடி வீட்டுக்கும், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கும்கூட வேண்டாம். அவர்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் ரப்பர் சேர்த்த தேங்காய் நார் மெத்தை மேல். அதற்கு வெயில் தேவையில்லை, தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டால் போதும்.

உறைக்குள் இருப்பது என்ன

இலவங்காய் பங்குனி சித்திரையில் முற்றி வெடிக்கும். போடிநாயக்கனூர்தான் இதற்குப் பெரிய வியாபார ஊர். ஆனைமலைப் பக்கமும் மரங்கள் உண்டு. இழை ஒவ்வொன்றும் உள்ளே வெறும் காற்று நிறைந்த மெல்லிய குழாய். மேலே மெழுகுப் பூச்சு. வழுவழுப்பு அதிகம் என்பதால் முறுக்கி நூலாக்குவது கடினம். ஆகவே பெரும்பாலும் திணிக்கத்தான் பயன்படுகிறது. தண்ணீர் ஒட்டாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். இந்தக் குழாய்தான் மெத்தையின் பலம், பலவீனம் இரண்டும். உள்ளே காற்று இருக்கும்வரை மெத்தை பூரித்து நிற்கும். குழாய் நசுங்கி உடைந்தால் பஞ்சு பொடியாகும். அதற்கு மருந்து கிடையாது.

இலவு காத்த கிளி ஏமாந்தது காயைப் பார்த்து. நாம் ஏமாறுவது உறையைப் பார்த்து. திருப்பூர் பனியன் வெட்டுத்துணியை அரைத்துக் கிடைக்கும் கழிவுப் பஞ்சு கொங்கு நாட்டில் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைக்கிறது. கழிவுப் பஞ்சிலிருந்து நூல் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்களுக்கு அது நல்ல கச்சாப்பொருள். மெத்தைக்குள் போனால் ஆறே மாதத்தில் கட்டிகட்டியாகத் திரளும். மேலே ஒரு கை கனத்துக்கு இலவம்பஞ்சும் நடுவில் கழிவுப் பஞ்சும் வைத்துத் தைத்த மெத்தையைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. கடைக்காரர் கண் முன்னே அடைத்துத் தைத்துத் தருவதாகச் சொன்னால் அரை நாள் ஆனாலும் நின்று வாங்குங்கள். தைத்து வைத்த மெத்தை என்றால் ஓரத்தில் நாலு அங்குலம் தையல் பிரித்து, விரல்களை ஆழமாக விட்டு நடுப்பஞ்சை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எடுத்த பஞ்சைச் சோதிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். ஒரு சிட்டிகையைத் தண்ணீருக்கு அடியில் அழுத்திப் பிடித்து விடுங்கள். இலவம்பஞ்சு துள்ளிக்கொண்டு மேலே வரும். எடுத்து உதறினால் பாதி காய்ந்தே இருக்கும். கழிவுப் பஞ்சு தண்ணீரைக் குடித்து அடியில் தங்கும். அடுத்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறக்கவும். நல்ல பஞ்சு மெதுவாக விரிந்து கையை விட்டு நழுவும், இளமஞ்சளும் வெள்ளையும் கலந்த மினுமினுப்பு இருக்கும். நிற நூல் துணுக்குகள் தென்பட்டால் பனியன் கழிவு. கறுப்பு விதைகள் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. கைப்பிடிக்குப் பத்து விதை என்றால் பஞ்சைச் சரியாகத் தட்டவில்லை என்று அர்த்தம். விதைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள், அந்த விதைக்காகவே எலியும் வரும். கடையில் ரெக்ரான் என்று பொதுவாகச் சொல்லும் பாலியஸ்டர் நார் கலந்திருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால், நாலு இழையை மட்டும் வெளியே எடுத்துச் சென்று கொளுத்திப் பாருங்கள். பஞ்சு சாம்பலாகும், நார் உருகி மணியாகக் கெட்டியாகும். மெத்தைக்குப் பக்கத்தில் நின்று தீக்குச்சியை உரசவே கூடாது. இலவம்பஞ்சு பொறி பட்டாலே பிடிக்கும், உள்ளே புகைந்துகொண்டே இருக்கும். கொசுவர்த்திச் சுருளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் உள்ள வீடுகள் இதைக் கவனிக்க வேண்டும். சுருளுக்குப் பதில் கரூர் கொசுவலை ஒன்றைக் கட்டிக்கொள்வது நிம்மதி.

எடைக் கணக்கு சுலபம். நாலு அங்குல உயர மெத்தைக்கு மூன்று சதுர அடிக்கு இரண்டு கிலோ. ஆறுக்கு மூணு என்றால் பதினெட்டுச் சதுர அடி, 12 கிலோ. ஆறுக்கு நாலுக்கு 16, ஆறுக்கு அஞ்சுக்கு 20. ஆறுக்கு மூணில் 10 கிலோ போட்டால் முதல் வாரம் சொகுசாகத்தான் இருக்கும். அப்புறம் இடுப்பு படும் இடத்தில் தொட்டில் மாதிரிப் பள்ளம் விழும். 15 கிலோ திணித்தால் பலகை. குழாய்கள் அழுத்தத்திலேயே நசுங்குவதால் அந்த மெத்தைக்கு ஆயுளும் குறைவு. கனத்த உடம்புக்காரர்களுக்கு மட்டும் கணக்குக்கு மேல் ஒரு கிலோ சேர்க்கலாம்.

துணியும் தையலும் பாதி மெத்தை. உறைத் துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் புள்ளி புள்ளியாக ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் பஞ்சின் மெல்லிழை வெளியே வந்துகொண்டே இருக்கும். காலையில் பெட்ஷீட்டை உதறும்போது வெள்ளை வெள்ளையாகப் பறப்பது அதுதான். உள் உறை ஒன்று, அதன் மேல் கழற்றித் துவைக்க ஜிப் வைத்த வெளி உறை ஒன்று என்று இரண்டாகக் கேளுங்கள். ஜிப் வெளி உறைக்கு மட்டும். உள் உறைக்கு ஜிப் வைத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம். பற்கள் வழியாகப் பஞ்சு கசியும். மெத்தையின் மேல்பக்கத்திலிருந்து கீழ்ப்பக்கம்வரை ஊடுருவும் குத்துத் தையல் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி 9 அல்லது 10 அங்குலம் இருக்கட்டும். ஒன்றரை அடிக்கு ஒன்று என்று கூலியை மிச்சம் பிடித்தால் நடுவில் உள்ள பஞ்சு நாளடைவில் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். கல்யாணச் சீருக்கு வாங்கும் கட்டில் மெத்தையில்தான் இந்தக் கோளாறு அதிகம். சபையில் வைக்கும்போது பார்க்க உப்பலாக இருந்தால் போதும் என்று வாங்குகிறார்கள், தைப்பவரும் அதற்கேற்றபடி தைக்கிறார்.

முதல் மாதமும் அதற்கப்புறமும்

புது மெத்தையை முதல் மாதம் வாரம் ஒருமுறை புரட்டவும். ஒரு வாரம் மேல்பக்கத்தைக் கீழாக, அடுத்த வாரம் தலைமாட்டைக் கால்மாடாக. பஞ்சு எல்லாப் பக்கமும் ஒரே சீராக அமர்வது இந்த முதல் மாதத்தில்தான். பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பது, செருப்பு மாட்டுவது, இவற்றுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். ஓரத்துப் பஞ்சு நசுங்கினால் குத்துத் தையலும் தளரும்.

வெயிலில் போடுவதற்கும் முறை உண்டு. காலை பத்து மணிக்கு மேல், தரை ஈரம் காய்ந்த பிறகு, பாயோ கயிற்றுக் கட்டிலோ போட்டு அதன் மேல் மெத்தை. சிமெண்டுத் தளத்தில் நேராகப் போட்டால் அடிப்பக்கம் வேர்க்கும். இரண்டு மணி நேரம் ஒரு பக்கம், இரண்டு மணி நேரம் மறுபக்கம். அதற்கு மேல் காய்ந்தால் உறைத் துணியின் சாயம் போகும், பஞ்சும் மொறுமொறுப்பாகி உடையத் தொடங்கும். மூன்று மணிக்கெல்லாம் எடுத்து, நிழலில் அரை மணி நேரம் சூடு தணியவிட்டு உள்ளே கொண்டு போங்கள். சூட்டோடு கட்டிலில் போட்டுப் பெட்ஷீட் விரித்தால் அன்றிரவு அடுப்பில் படுத்த மாதிரி இருக்கும். தடியால் ஓங்கி அடிக்காதீர்கள். தூசு போகும் என்று நினைத்து அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் இழை உடைகிறது. கையால் தட்டி, சீமாறால் ஒரே பக்கமாகப் பெருக்கினால் போதும்.

மாசி முதல் வைகாசி வரை மாதம் ஒருமுறை வெயில். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும். அம்மி பறக்கும் அந்தக் காற்றில் மெத்தையை மாடியில் போட்டால் உறை முழுக்கச் செம்மண்தான். அந்த இரண்டு மாதம் ஜன்னல் வெயிலில் நிறுத்தி வைத்தால் போதும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெயிலுக்கு ஏங்கிக் காத்திருக்க வேண்டாம். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து அடிப்பக்கத்துக்கு அரை மணி நேரம் மின்விசிறிக் காற்று காட்டுங்கள்.

அடிப்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. கெடுவதெல்லாம் அங்கேதான். உடம்பின் சூட்டோடு ஈரமும் கீழே இறங்கி, குளிர்ந்த டைல்ஸ் தரையைத் தொட்டதும் தண்ணீராகப் படியும். தரையில் நிரந்தரமாக விரித்து வைத்த மெத்தையின் அடியில் கறும்புள்ளி பிடிப்பது இதனால்தான். அடியில் அறை வைத்த பெட்டிக் கட்டில்களிலும் இதே கதை, அந்தப் பிளைவுட் பலகை காற்றை விடாது. தச்சரைக் கூப்பிட்டு அடிக்கொரு துளையாக ஒரு அங்குல ஓட்டை போடச் சொன்னால் போதும். ரீப்பர் எனும் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த கட்டில் என்றால் இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். போனால் பஞ்சு பொந்துக்குள் இறங்கும்.

குழந்தை நனைத்துவிட்டால்

இலவம்பஞ்சுக்குத் தண்ணீர் ஒட்டாது என்பதை நம்பி அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. இழைக்குள் போகாதே தவிர இழைகளுக்கு நடுவே தேங்கும். உறைத் துணியோ உறிஞ்சிக்கொள்ளும். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் நாற்றத்தை ஆழத்துக்கு அனுப்புகிறீர்கள், அவ்வளவுதான்.

முதலில் காய்ந்த பருத்தித் துண்டை நாலாக மடித்து ஈரத்தின் மேல் வைத்து முழங்கையால் அழுத்துங்கள். தேய்க்க வேண்டாம். துண்டு நனைந்ததும் வேறு துண்டு, துண்டில் ஈரம் ஏறுவது நிற்கும்வரைக்கும். பிறகு ஒரு கைப்பிடி ஆப்ப சோடாவைத் தூவி நாலைந்து மணி நேரம் விட்டு, உலர்ந்த பொடியைப் பெருக்கி எடுங்கள். மெத்தையை நெட்டுக்குத்தாக நிறுத்தி இரண்டு பக்கமும் காற்று பட வைத்து, மறுநாள் வெயில். இதற்குப் பிறகும் வாடை இருந்தால் ஈரம் நடுவரை போயிருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் ஒரு சாண் தையல் பிரித்து, வாடை வரும் பஞ்சை வெளியே எடுத்துக் கொசுவலைத் துணிக்குள் கட்டி நிழலில் இரண்டு நாள் உலர்த்தித் திரும்ப அடையுங்கள். பஞ்சைத் தண்ணீரில் அலசக் கூடாது. கட்டியாகிவிட்டால் பிரிக்கவே முடியாது. சின்னக் குழந்தை உள்ள வீடு என்றால் ரப்பர் ஷீட்டை மெத்தை மேல் நேராகப் போடாமல், அடியில் பிளாஸ்டிக் பூச்சும் மேலே தடித்த பருத்தியும் உள்ள விரிப்பாக வாங்குங்கள். வெறும் ரப்பர் ஷீட் ஈரத்தைத் தடுக்கும், ஆனால் வியர்வையில் ஊறவைக்கும்.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் வெயில் மட்டும் போதாது. இலவம்பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும் பொருள். வெயில் பட்ட பக்கம் சுட்டாலும் மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கும்; பூச்சி அங்கே நகர்ந்துவிடும். வெளி உறையைக் கழற்றிக் கொதிநீரில் போடுங்கள். உள் உறையின் தையல் மடிப்புகளைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, கட்டிலின் மூட்டுகளில் கொதிநீர் விடுங்கள். முட்டை பொரிக்க ஒன்றிரண்டு வாரமாகும், ஆகவே பதினைந்தாம் நாள் இதையே இன்னொரு முறை செய்யாவிட்டால் முதல் முறை செய்தது வீண்.

வீட்டு வாசலில் மெத்தை தைப்பவர்கள்

'பழைய மெத்தை, தலையணை சுத்தம் செய்து புதுத் துணி போட்டுத் தைத்துத் தரப்படும்' என்று ஒலிபெருக்கி வைத்து வரும் வண்டிகளைப் பற்றி இரண்டுவிதமான பேச்சு இருக்கிறது. இரண்டும் உண்மை. வேலை நல்ல வேலை. கண்காணிக்காவிட்டால் போன பஞ்சு திரும்பி வராது.

நன்றாகப் பராமரித்த மெத்தைக்கு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இந்த வேலை தேவைப்படும். உறையைப் பிரித்துப் பஞ்சைக் கம்பி வலை போட்ட உருளைக்குள் கொட்டிச் சுற்றுவார்கள். கட்டி உடைந்து இழை பிரியும், தூசும் பொடியும் வலை வழியாகக் கீழே கொட்டும். பல் வைத்த அரவை மெஷின் கொண்டு வந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். அது பனியன் கழிவை அரைக்க வந்தது, இலவம்பஞ்சை மாவாக்கிவிடும்.

பிரித்ததும் பஞ்சை எடை போடச் சொல்லுங்கள். சுற்றி முடிந்ததும் மறுபடியும் எடை. 12 கிலோவில் ஒன்றரை முதல் இரண்டு கிலோ பொடியாகப் போவது இயல்பு. அதை ஈடுகட்டப் புதுப் பஞ்சு சேர்க்க வேண்டும். அதையும் தண்ணீர்ச் சோதனை செய்த பிறகே உள்ளே போடவிடுங்கள். நாலு கிலோ குறைந்தால், ஒன்று பஞ்சின் ஆயுள் முடிந்திருக்கிறது, இல்லையென்றால் பாதிப் பஞ்சு பக்கத்து மூட்டைக்குள் இருக்கிறது. வேலைக்குக் கொடுக்கும் முன்பே ஒரு கைப்பிடி பிழிந்து பாருங்கள். விரிந்து எழுந்தால் கொடுக்கலாம், விரலில் மாவு ஒட்டினால் கூலி தண்டம். மழை மூட்டமுள்ள நாளில் பிரிக்கவிட வேண்டாம், ஈரக் காற்றோடு அடைத்துத் தைத்த மெத்தையில் பூசணம் வரும். சுற்றும் இடத்தில் குழந்தைகளை நிற்கவிடாதீர்கள். நிற்கும் பெரியவர்களும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும்.

கழித்துக்கட்டும் பஞ்சைப் போகிக்கு எரிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. எரியும் இலவம்பஞ்சு காற்றில் பறந்து பக்கத்துச் சாளையின் ஓலைக் கூரையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

மேலே விரிப்பது

மெத்தைக்கு மேலே சென்னிமலைப் பெட்ஷீட்டைப் பரிந்துரைப்பது ஊர்ப்பாசத்தால் இல்லை. முறுக்கிய இரட்டை இழை நூலில் நெய்த கனத்த துணி, மெத்தையிலிருந்து கிளம்பும் மெல்லிழையை மேலே வரவிடாது, வியர்வையைக் கீழே இறங்கவிடாது. 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி பெட்ஷீட், ஜமக்காளம் எல்லாம் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டவைதான். ஆனாலும் சென்னிமலைப் பெயரில் விசைத்தறிச் சரக்கு தாராளமாக விற்கிறது. ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கும் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தையில் விலை மலிவுதான், ஆனால் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். கைத்தறித் துணியின் இரண்டு கரையோரத்திலும் ஊசி குத்திய மாதிரிச் சின்னத் துளைகள் வரிசையாக இருக்கும். நெய்யும்போது துணியை அகலத்துக்கு இழுத்துப் பிடிக்கும் குச்சியின் முள் பட்ட இடம் அது. குறுக்கே ஓடும் ஊடை நூலில் அங்கங்கே லேசான தடிப்பு தெரியும். 2006இல் வந்த கைத்தறி முத்திரைச் சீட்டு தைத்திருந்தால் இன்னும் நல்லது. குழப்பமே வேண்டாம் என்றால் சென்னிமலையில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடைகளோ கோ-ஆப்டெக்ஸோ போதும்.

90க்கு 108 அங்குலம் என்று போட்ட டபுள் பெட்ஷீட் ஒன்றேகால் கிலோவாவது இருக்க வேண்டும். முதல் துவையலில் நூற்றுக்கு ஐந்து சுருங்கும் என்று வைத்துக்கொண்டால் 90 அங்குலத்தில் நாலரை அங்குலம் போய்விடும். மெத்தைக்குக் கச்சிதமான அளவில் வாங்கினால் ஒரே துவையலில் ஓரம் செருக முடியாமல் போகும்.

முதல் முறை சோப்பு எதுவும் போடாமல் வெறும் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவையுங்கள். பாவுக்கு, அதாவது நெடுக ஓடும் நூலுக்குப் போட்ட கஞ்சி கரைய வேண்டும். கஞ்சி மிச்சமிருந்தால் அலமாரியில் வெள்ளிப்பூச்சி வந்து அரிக்கும். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் பொய். ஏற்கனவே துணியோடு பிணைந்த சாயத்துக்கு உப்பு தேவையில்லை, பிணையாத சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. அது தண்ணீரிலேயே போய்விடட்டும், தனியாக அலசுங்கள்.

கொங்கு நாட்டுப் பெட்ஷீட்டுகளைக் கெடுப்பது அழுக்கைவிடச் சப்பைத் தண்ணி எனும் கடின நீர்தான். போர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, பார் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான திப்பியாகி நூலில் படியும். ஐந்தாறு துவையலுக்குள் வெள்ளை சாம்பல் நிறமாகும், துணி விறைப்பாகும். அதைப் போக்கக் கூடுதல் சோப்புப் போடுவதால் திப்பிதான் கூடுகிறது. பார் சோப்பை விட்டுவிட்டு சலவைத் தூள் பயன்படுத்துங்கள். 15 லிட்டர் வாளிக்கு ஒரு மேசைக்கரண்டி தூள், தண்ணீர் ரொம்பச் சப்பை என்றால் அதோடு ஒரு தேக்கரண்டி சலவை சோடா, அரை மணி நேர ஊறல். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் பிரிந்த அழுக்கு திரும்பத் துணியிலேயே ஏறும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு வாளி ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் கடைசி வாளிச் சப்பைத் தண்ணியில் கால் டம்ளர் வினிகர். பிளீச்சிங் தண்ணீர் போட்ட அன்று வினிகர் பக்கமே போகக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும். ஏழு கிலோ மெஷின் என்றால் டபுள் பெட்ஷீட் இரண்டுக்கு மேல் போடாதீர்கள். கிலோ கணக்கு இடம் கொடுத்தாலும் துணி புரள இடம் இருக்காது.

தலையணை உறையின் மஞ்சள் கறை பெரும்பாலும் தலைக்கு வைக்கும் எண்ணெய். பழைய எண்ணெய் நூலில் காய்ந்து சிக்கு வாடை அடிக்கும், சாதாரணத் துவையலுக்கு மசியாது. பாத்திரம் கழுவும் திரவம் ஒரு கரண்டியை உலர்ந்த கறையின் மேல் நேராகத் தேய்த்துக் கால் மணி நேரம் விட்டு, கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் துவைத்தால் போகும். சமையல் மஞ்சள் பட்ட இடத்தில் சோப்புப் போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி, ஈரத்தோடு நேர் வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுங்கள். சோப்பால் முடியாததை வெயில் செய்யும்.

அடியில் போடுவது

மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவில் ஒரு பவானி ஜமக்காளம் போட்டால் உறை பலகையில் உரசிக் கிழியாது, அடியில் இறங்கும் ஈரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். 2005இலேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு இது. போலியும் அதற்கேற்ற அளவில் உண்டு. உண்மையான ஜமக்காளத்தில் தடித்த ஊடை நூல் பாவை முழுக்க மூடியிருக்கும். மடக்கிப் பார்த்தால் மட்டுமே பாவு கண்ணுக்குத் தெரியும். விரித்த நிலையிலேயே பாவு பல்லிளித்தால் வேண்டாம்.

மெத்தைக்கு அடியில் போடும் முன் ஈரமான வெள்ளைத் துணியால் அதன் சிவப்புப் பட்டையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இரண்டு முறை தனியாக அலசிக் காயவைத்த பிறகுதான் கட்டிலுக்கு. இல்லையென்றால் முதல் மழைக்காலத்திலேயே மெத்தை உறையில் சிவப்புப் பட்டை பதியும். மெஷினில் போடக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, காலால் மிதித்து அலசி, முறுக்காமல் சுவர் மேல் போட்டு வடியவிட வேண்டும். நனைந்த பெரிய ஜமக்காளத்தைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பரணில் வைப்பதாக இருந்தால் மடிக்காமல் சுருட்டுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த வரியில்தான் முதலில் நூல் இற்றுப்போகும். உள்ளே வைக்கும் வேப்பிலையும் நொச்சியும் நொறுங்கும் பதத்துக்குக் காய்ந்திருக்க வேண்டும். பச்சையாக வைத்தால் பூச்சி வராது, பச்சைக் கறை வரும்.